முகப்பில் முருகன் படம்: ரேமுக்கு என்ன செலவு?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் போன்ற ஊர்களில், பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. கையில் கிடைத்ததும் பிள்ளைகளுக்கு வரும் முதல் ஆசை, முகப்பில் தங்களுக்குப் பிடித்த படத்தை வைப்பது. செட்டிகுளம் மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி படமாகவும் இருக்கலாம், பிடித்த நடிகர் படமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு வழியில்லை. ஆரம்பத்தில் வந்த கணினிகளில் பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தோடு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இருந்தது. அந்த ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரை மாற்றும் வசதியை மைக்ரோசாஃப்ட் வைக்கவே இல்லை.

அதைச் சுற்றிக்கொண்டு போக வெளியார் எழுதிய நிரல்கள் வந்தன. ஓஷியானிஸ் என்ற நிரலை அந்நாளில் உலகெங்கும் ஸ்டார்ட்டர் பயனர்கள் தேடித் தேடி இறக்கினார்கள். ஒரேயொரு படத்தை மாற்றுவதற்காகத் தனியாக ஒரு நிரல்! அந்தக் கணினிகளில் இருந்த ரேமோ 2 ஜிபிதான். முகப்பை அழகுபடுத்தும் நிரல்கள் பிடிக்கும் இடத்துக்கு ஏற்ற பயனைத் தருகின்றனவா என்ற கேள்வி அந்த 2 ஜிபிக்குள்தான் கூர்மையாக எழுகிறது.

முதலில் ரேம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். செட்டிகுளம் பக்கத்து வெங்காய விவசாயிக்குப் பட்டறையும் உண்டு, களமும் உண்டு. சேமித்து வைப்பது பட்டறையில், பரப்பித் தரம்பிரிப்பது களத்தில். ஹார்ட் டிஸ்க் பட்டறை என்றால் ரேம் களம். களம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு 10 மில்லி நொடி வரை ஆகும், அதாவது லட்சம் மடங்கு தாமதம். “சிஸ்டம் ஹேங் ஆகுது” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்துதான். களத்தில் இடம் மிச்சமிருக்கும் வரை, ஒரு நிரல் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் வேகம் குறையாது.

இனி வால்பேப்பருக்கு வருவோம். 14 அங்குல மடிக்கணினிகளில் அக்காலத்தில் வழக்கமாக இருந்த திரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறித்துவைக்க 4 பைட் என்று கணக்கிட்டால், திரை முழுவதும் விரியும் படத்துக்கு ஏறக்குறைய 4 எம்பி. படக்கோப்பின் அளவு 200 கேபியாக இருந்தாலும், திரையில் விரியும்போது இந்த அளவுதான். 2 ஜிபியில் இது 512இல் ஒரு பங்கு! முழு எச்டி திரைக்கு 8 எம்பி, 4கே திரைக்கு 33 எம்பி. அசையாத படம் இத்தகைய கணினியை மந்தமாக்குவதில்லை. ஸ்டார்ட்டரில் அந்த வசதியை எடுத்தது ரேமைக் காப்பாற்ற அல்ல. விலை உயர்ந்த பதிப்பை வாங்கவைக்கத்தான். முதல்முறை கணினியைத் தொடும் ஒரு மாணவியிடமிருந்து இந்தச் சின்ன உரிமையைப் பிடுங்கியது நியாயமே இல்லை.

படம் அசையத் தொடங்கினால் கணக்கு வேறு. வால்பேப்பர் எஞ்சின் போன்ற நிரல்கள் ஓடும் காட்சியையே முகப்பாக்குகின்றன. நொடிக்கு 30 சட்டகங்கள் ஓடினால், அதே சிறிய திரையில்கூட நொடிக்கு 120 எம்பி அளவு படத்தைக் கணினி உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரேமோடு செயலியும் கிராபிக்ஸும் உழைக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரியும் கரையும். வேறொரு நிரல் திரை முழுவதையும் நிறைக்கும்போது காட்சியை நிறுத்திவைக்கும் வசதி வால்பேப்பர் எஞ்சினில் உண்டு. விளையாட்டுக்கென்றே வாங்கிய பெரிய கணினிக்கு அது போதும். 4 ஜிபி மடிக்கணினிக்கு அந்த நிரலே வேண்டாம்.

கடிகாரம், வானிலை, செயலி வேகம் ஆகியவற்றை முகப்பில் காட்டும் ரெயின்மீட்டர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திறந்த மூல நிரல், தன்னளவில் சிறியது. ஆனால் அதில் பொருத்தும் ஒவ்வொரு ‘ஸ்கின்’னும் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு மூன்று போட்டால் தெரியாது. இருபது போட்டால் பழைய கணினி திணறும். இத்தகைய நிரல்களில் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில் வந்த முகப்பு ‘கேட்ஜெட்’களில் ஓட்டைகள் இருப்பதாக 2012 ஜூலையில் எச்சரித்த மைக்ரோசாஃப்ட், அவற்றை அடியோடு முடக்கும் கருவியையும் தானே கொடுத்தது. முகம் தெரியாதவர் தரும் அழகு நிரல் ரேமில் மட்டும் உட்காருவதில்லை.

அழகுக்கும் ரேமுக்கும் இடையிலான இந்த இழுபறி முப்பது ஆண்டு பழையது. 1995இல் விண்டோஸ் 95 ஓட 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். அதோடு தனியாக விற்ற ‘பிளஸ்’ அலங்காரத் தொகுப்பு 8 எம்பி கேட்டது. 2006இல் விஸ்டாவுக்கு 512 எம்பி போதும் என்று முத்திரை ஒட்டி விற்ற கணினிகளில், அதன் கண்ணாடி போன்ற ‘ஏரோ’ தோற்றம் வரவில்லை. அதற்கு 1 ஜிபி வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வழக்கு வரை போனது.

தமிழில் எழுதுவோர் கணினியைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வழி இன்னொன்றும் உண்டு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற தட்டச்சு நிரல்களும் பின்னணியில் இருந்தபடி ரேமில் இடம் பிடிப்பவைதான். பிடிப்பது மிகக் கொஞ்சம். தருவது ஒரு மொழியையே. எந்தக் கணினியிலும் முதலில் இடம் கொடுக்க வேண்டியவை இவை.

இப்போது நிலைமை மாறிவருகிறது. கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினிகளுக்குத் தமிழக அரசு நிறுவனமான எல்காட் 2025இல் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டன. அந்த அளவு இருந்தால் ஒரு ரெயின்மீட்டர் கடிகாரத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. 2 ஜிபி, 4 ஜிபி பழைய கணினி வைத்திருப்பவர்கள் அழகை மொத்தமாகக் கைவிடவும் வேண்டாம். விருப்பமான படம், நிறம், எழுத்துரு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஓடும் வால்பேப்பரையும் வானிலைப் பெட்டிகளையும் மட்டும் எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘மெமரி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் பிடிப்பது மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் அது உலாவியாகத்தான் இருக்கும். விண்டோஸ் 10, 11 என்றால் அங்கேயே ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் கணினியோடு சேர்ந்து எழும் நிரல்களின் பட்டியலும் உண்டு, வேண்டாதவற்றை முடக்குங்கள். முருகன் படத்தை எடுக்க வேண்டாம்.