மருவும் புற்றும்

குழந்தைகளின் விரலில் மரு எழுந்தால் அதனைத் தலைமயிரால் இறுகக் கட்டிவைப்பது நம் வீடுகளில் கண்ட கைவைத்தியம். அம்மருவுக்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். அவ்வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றால் பெருந்தீங்கில்லை. ஒரு சில மட்டும் பெண்களின் கருப்பைவாயைப் பற்றிக்கொண்டு, நெடுங்காலத்துக்குப் பின் புற்றுநோயை விளைவிக்கின்றன.

இதனைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ட்சூர் ஹௌசன். ஹெர்ப்பிஸ் என்னும் வேறொரு வைரஸின்மீது பலரும் ஐயங்கொண்டிருந்த காலத்தில் அவர் பாப்பிலோமாவையே தேடினார். 1983இல் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் புற்றுத்திசுவில் கண்டார். கருப்பைவாய்ப் புற்றில் பத்தில் ஏழு பங்கு இவ்விரண்டால் விளைவதே. நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது 2008இல்தான்!

நம் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகாதபடி காக்கும் புரதங்கள் சில உள்ளன. இவ்வைரஸ் தன் புரதங்களால் அக்காவலை முறித்துவிடுகிறது. ஆயினும் அஞ்ச வேண்டா. தொற்றியவர்களுள் பெரும்பாலோரின் உடல் இரண்டோர் ஆண்டுகளில் அதனை விரட்டிவிடும். எஞ்சிய சிலரிடமும் புற்றாக முற்றப் பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை வலியில்லை, அதுவே ஆபத்து.

தாம்பத்திய உறவின் வழியே பரவுவதால் இந்நோயை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது பேதைமை, வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகாதவர் சிலரே. மொழி பழகாத ஊரில் அந்தரங்கத்தை மருத்துவரிடம் சொல்லக் கூசும் நம் சகோதரிகளுக்கு மும்பையில் நடந்த ஒன்றைக் கூறவேண்டும். டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998 முதல் அந்நகரின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தினர். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பெண்களே பரிசோதித்தனர். சமையற்காடியில் உள்ள அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பைவாயில் தடவினால், கெடத் தொடங்கிய இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தோன்றும். அவ்வளவே. அப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் 31 சதவீதம் குறைந்தது. வைரஸையே நேராகக் கண்டறியும் சோதனை இதனினும் நுட்பமானது.

பெண்குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி இடுவது சிறந்தது. புனேயில் தயாராகும் செர்வாவாக் 2023இல் விற்பனைக்கு வந்தது. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதன்று; ஆகவே அதனை இட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.