பணியிடப் பாதுகாப்புப் பயிற்சி: சட்டம் கேட்பது என்ன, தொழிலாளி கேட்கக்கூடியது என்ன?

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதையடுத்து, ஊழியர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி பல நிறுவனங்களில் மீண்டும் பேசுபொருளாகியிருக்கிறது. 13 பழைய சட்டங்களை ஒன்றிணைத்த இந்தத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2020-இல். பயிற்சி அளிக்க வேண்டிய கடமை அதன் 6-ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது. எனினும், இந்தக் கடமை புதிதாக உருவானதல்ல.

அதன் வேர் போபாலில் இருக்கிறது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றின் தொட்டியிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. ஆலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கு பணியாற்றியவர்களில் பலருக்கு அந்த மொழி தெரியாது. ஆலைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். முகத்தில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டால் பாதிப்பு ஓரளவு குறையும் என்ற எளிய தகவல்கூடச் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளுக்கு அதுவரை சொல்லப்பட்டிருக்கவில்லை.

இந்தப் பேரழிவுக்குப் பின்னர், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் வழங்குவது ஆலை நடத்துபவரின் கடமை என்று 7ஏ பிரிவு கூறியது. பாதுகாப்பு குறித்த தகவலையும் பயிற்சியையும் பெறுவது தொழிலாளியின் உரிமை என்று 111ஏ பிரிவு கூறியது. ஆகவே, பயிற்சி என்பது நிர்வாகம் மனமுவந்து அளிக்கும் சலுகை அல்ல என்பது சட்டத்தில் ஏறக்குறைய 40 ஆண்டுகளாக இருந்துவரும் நிலைப்பாடு.

பதிவேடும் தொட்டியும்

நடைமுறையில் பயிற்சி பெரும்பாலும் ஒரு பதிவேட்டில் முடிந்துவிடுகிறது. ஒரு மணி நேர உரை, சில படங்கள், வருகைக் கையெழுத்து. ஆய்வு வரும் நாளில் காட்ட அது போதும். விபத்து நேரும் நிமிடத்தில் அது போதுமா என்பதை அறிய, மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

கழிவுத் தொட்டி, ரசாயனக் கலன், ஆழ்குழி போன்றவற்றில் நேரும் மரணங்களுக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு. முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், பின்னர் மூன்றாமவர். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மீட்கச் சென்றவர்கள். இந்தியாவில் கழிவுநீர்த் தொட்டி மரணச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது.

மனித இயல்பே இங்கு எதிராக வேலை செய்கிறது. நண்பர் விழுந்ததைப் பார்த்தவுடன் கை நீளும், கால் இறங்கும். மூக்கும் துணை நிற்பதில்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடும்போது நுகரும் திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் வேளையில் ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஆக்சிஜன் குறைவுக்கோ நாற்றமே கிடையாது. சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 20.9 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே அது குறைபாடாகக் கருதப்படுகிறது. இதைக் கருவி கொண்டு அளந்தாலன்றி அறிய முடியாது.

இதற்கான விடையும் சட்டத்திலேயே இருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, உள்ளிருக்கும் வாயுவை அகற்ற இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் முதலில் எடுக்க வேண்டும். பிறகு, தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்து மூலம் சான்று தர வேண்டும். இல்லையெனில், இறங்குபவர் சுவாசக் கருவியும், கயிற்றில் பிணைக்கப்பட்ட இடைப்பட்டையும் அணிந்திருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

அந்த மறுமுனையைப் பிடித்திருப்பவருக்குத்தான் பயிற்சி மிகவும் தேவை. உள்ளே இருப்பவர் விழுந்தால் தான் இறங்கக் கூடாது, இழுக்க வேண்டும், உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பது உரையில் கேட்டு மனத்தில் பதிவதில்லை. மணல் மூட்டையை உள்ளே வைத்து, கயிற்றை இழுத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். கருவியை அவர் கையில் கொடுத்து அளவைப் படிக்கச் சொல்ல வேண்டும். செய்து காட்ட முடிகிறதா என்பதே உண்மையான தேர்வு. பயிற்சியின் மொழி தொழிலாளியின் மொழியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனால் ஒடியா மட்டுமே அறிந்தவருக்கு இந்தியிலோ தெலுங்கிலோ வகுப்பு நடத்திவிட்டுக் கையெழுத்து வாங்குவதில் என்ன பயன்?

இடையில் நிற்பவர்

மிகவும் ஆபத்தான வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமே செல்கின்றன. ஒரு வாரத்துக்கு வருபவருக்கு யார் பயிற்சி தருவது என்ற கேள்வி எழும்போது ஆலை ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் ஆலையைக் காட்டுவார். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் இடம் வைக்கவில்லை. முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவரையும் அது தொழிலாளி என்றே வரையறுத்தது.

புதிய தொகுப்பில் எல்லைகள் மாறியுள்ளன. மின்சக்தியைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற நிலை மாறி, இப்போது 20 பேர் தேவை. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 பேர் என்பது 40 ஆகியுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த பகுதி பொருந்துவதற்கான எண்ணிக்கையும் 20-இலிருந்து 50 ஆக உயர்ந்திருக்கிறது. சிறு பட்டறைகளின் நிர்வாகச் சுமை குறையும் என்பது அரசின் வாதம். விபத்துகள் எண்ணிக்கை பார்த்து வருவதில்லை என்ற தொழிற்சங்கங்களின் கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தொழிலாளியின் கையில் இருப்பது

தொகுப்பின் 14-ஆவது பிரிவின்படி, தம் பணியின் ஆபத்துகள் குறித்த தகவலை ஊழியர் வேலையளிப்பவரிடம் கேட்டுப் பெறலாம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சினால், அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ வேலையளிப்பவருக்குத் தெரிவிக்கலாம். அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். வேலையை நிறுத்திவிட்டு வெளியேறலாம் என்று இப்பிரிவு வெளிப்படையாகக் கூறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பாதுகாப்புக் குழு அமைக்கப்படும் இடங்களில், தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைவிடக் குறையக் கூடாது. பயிற்சி எந்த மொழியில், எத்தனை மணி நேரம், செய்முறையுடன் நடந்ததா என்று கேட்பதற்கு அந்தக் குழுவே பொருத்தமான இடம்.

கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால், 103-ஆவது பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்த அபராதத்தில் குறைந்தது பாதியை இறந்தவரின் வாரிசுகளுக்கு இழப்பீடாக வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம்.