கூரைப் பரணிற் பூஞ்சணம்

எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கனடா முதலிய குளிர்நாடுகளில் வீடு வாங்கிக் குடியிருக்கின்றனர். அவர்களுட் சிலர், பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும் நாளில், உட்கூரையில் ஈரக்கறை கண்டு, கூரை ஒழுகுகின்றதெனக் கருதிக் கூரை வேய்வோரை அழைப்பர். பெருந்தொகை செலவாகும், அடுத்த ஆண்டும் அதே கறை அதே இடத்திற் தோன்றும். பரணுள் ஏறிப் பார்ப்பின், பலகைகள் கறுத்து, வெப்பக்காவலியும் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். அந்நீர் பெரும்பாலும் மேலிருந்து இறங்கியதன்று, வீட்டினுள்ளிருந்து ஏறியதாகும்.

யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டிலே காற்று ஓட்டிடுக்குகளினூடே தாராளமாகப் போய்வரும். மாரியிலே நம் புத்தகங்கள் பூஞ்சணம் பிடிப்பது வெளிக்காற்றின் ஈரத்தால். குளிர்நாட்டு வீட்டின் நிலை இதற்கு மறுதலையானது. அங்கே உட்கூரையின் மேல் கண்ணாடிநாரையோ செலுலோசுப் பஞ்சையோ தடிப்பாகப் பரப்பி, வெப்பத்தைக் கீழே நிறுத்துகின்றனர். ஆகவே காவலிக்கு மேலுள்ள பரண் வெளியைப் போலவே குளிர்ந்திருக்கும்; அவ்வாறு இருத்தலே முறை.

20 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே அக்காற்று இரண்டரைக் கிராமும் தாங்காது. சோறு வடித்தல், குளித்தல், உடையை உள்ளே உலர்த்தல், ஏன், மூச்சுவிடுதல்கூடக் காற்றில் நீரேற்றுவனவே. வெப்பக்காற்று மேலெழும். விளக்குக்கும் மின்கம்பிக்கும் குழாய்க்கும் இட்ட துளைகளினூடும், பரண்கதவின் விளிம்பினூடும் அது பரணை அடையும். குளியலறை விசிறியின் குழாய் வெளியே செல்லாது பரணிலேயே முடிந்திருப்பின் சொல்லவே வேண்டியதில்லை! நீராவி குளிர்ந்த கூரைப்பலகையில் உறைபனியாய்ப் படிந்து, வெயில் ஏறியதும் உருகிச் சொட்டும். ஒழுக்கென மயங்குவது இதனையே.

பங்கசு வித்திகள் எக்காற்றிலும் உள்ளன. அவற்றை முற்றாக ஒழித்தல் இயலாது. கண்ணாடிநார் அவற்றுக்கு உணவன்று. ஆயின் அதன்மேற் படிந்த தூசியும், கூரையின் ஒட்டுப்பலகையும் உணவாகும். செலுலோசுக் காவலியிற் போரன் சேர்வைகள் கலந்திருத்தலாற் பூஞ்சணம் எளிதிற் பற்றாது. எனினும் நீரூறினால் அஃது அமுங்கிக் காக்குந் திறனை இழக்கும்.

எனவே நம் கையிலிருப்பது ஈரத்தைத் தடுத்தல் ஒன்றே. வெளிற்றுநீர் தெளித்து மனவமைதி அடைவோர் உளர். கறை வெளிறுமேயன்றி ஈரம் நில்லாது. முதலில் உட்கூரைத் துளைகளை அடைத்து, விசிறிக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுசெல்க. பனிக்காலத்தில் வீட்டின் சாரீரப்பதனை நூற்றுக்கு 30 அளவிற் பேணுதல் நன்று. சிறிய ஈரமானியொன்று அதனைக் காட்டும். இறவாரத்துக் காற்றுத்துளைகளைக் காவலி மூடிவிடாது பார்த்தல் வேண்டும். கனடாவின் கட்டட விதி பொதுவாக உட்கூரைப் பரப்பின் 300 இல் 1 பங்கு காற்றுவழியைக் கேட்கின்றது. துளைகளை அடையாது காற்றுவழியை மட்டும் பெருக்குவோர், வீட்டுக் காற்றை மேலும் மேலே இழுப்பதும் உண்டு.

பின்னரே துப்புரவு. பூஞ்சணம் பிடித்த காவலியைக் கழுவிக் காப்பாற்ற முயலாது, பைகளில் அடைத்து அகற்றுக. பலகையைத் தேய்த்துத் துடைத்து உலரவிடுக. ஒரு சதுரமீற்றருக்குட்பட்ட கறையாயின் என்-95 முகமூடி, கையுறை, கண்ணாடி அணிந்து நாமே செய்யலாம். மிகுந்தாலோ, வீட்டிற் தொய்வு நோயாளர் இருந்தாலோ, தொழில் வல்லாரை அழைத்தல் நலம். காற்றைச் சோதிக்கப் பணம் கேட்போர் பலர். கனடிய சுகாதாரத் திணைக்களம் அச்சோதனையைப் பரிந்துரைப்பதில்லை.

ஆயினும், 1990 ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடாயின், எதையும் தொடுமுன் காவலியை உற்று நோக்குக. கூழாங்கற் பொடிபோல், சாம்பல் அல்லது பழுப்பு நிறமாய், மினுங்குஞ் சிறுமணிகள் காணப்படின் அது வேர்மிக்குலைற்று ஆகலாம். அமெரிக்காவின் மொன்ரானா மாகாணத்து லிபிச் சுரங்கத்திலிருந்து 1990 வரை எடுக்கப்பட்ட அப்பொருளிற் கன்னார் கலந்திருந்தது. அதன் தூசியை உட்சுவாசித்தல் புற்றுநோய்க்கு ஏதுவாகும். அத்தகைய காவலியைக் கிளறாது, பரண்கதவைச் சாத்தி, பிள்ளைகளை மேலே ஏறவிடாது, கன்னார் அகற்றப் பயின்றோரை அழைக்க வேண்டும்.