சவுண்ட்பாரா, ஹோம் தியேட்டரா? வாடகை வீட்டில் இருப்போர் கவனத்திற்கு

சனிக்கிழமை காலைகளில் ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி வாங்க வரும் எம்மவர்கள், கத்தரிக்காய் விலையோடு வீட்டு விடயங்களையும் கதைத்துக்கொள்வது வழக்கம். 1933 இல் திறக்கப்பட்ட இச்சந்தை, மொன்றியலில் புதிதாகக் குடியேறுவோர் பலருக்கும் நல்லதொரு சந்திப்பு இடம். அங்கே அண்மைக்காலமாக எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "பெரிய ரிவி வாங்கியாச்சு. சத்தம்தான் சரியில்லை. சவுண்ட்பார் வாங்கிறதோ, ஹோம் தியேட்டர் வாங்கிறதோ?"

வாடகையும் கட்டி, ஊருக்கும் காசு அனுப்பும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வியல்ல. பிழையான பொருளை வாங்கினால் காசு மட்டுமல்ல, அயலாரின் நட்பும் போய்விடக்கூடும்.

குறை எங்கே?

இன்றைய ரிவிகள் மிக மெல்லியவை. அவற்றின் சிறிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும். ஆகவே பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. "என்ன சொல்லுறான்?" என்று அம்மம்மா கேட்க, நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து வீடே அதிர்கிறது. எமக்குத் தேவைப்படுவது அதிக சத்தமல்ல, தெளிவான பேச்சு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

ஹோம் தியேட்டர் எனப்படுவது பொதுவாக 5.1 தொகுதி. முன்னே மூன்று, பக்கங்களில் அல்லது பின்னே இரண்டு என ஐந்து ஸ்பீக்கர்கள், அடித்தொனிக்கு ஒரு சப்வூபர், இவற்றை இயக்க ஒரு ரிசீவர். சரியான அறையில் சரியாகப் பொருத்தினால் இதற்கு ஈடில்லை. ஆனால் சிறிய வரவேற்பறையில் கதிரைக்குப் பின்னே ஸ்பீக்கர் வைக்க இடம் இராது. வயர்கள் குழந்தைகளின் காலில் தடக்கும். ஜூலை 1 ஆம் திகதி வீடு மாறுவோர் அத்தனையையும் கழற்றிச் சுமக்க வேண்டும். மேலும், நாம் அன்றாடம் பார்க்கும் செய்தியும் தொடர்நாடகமும் பெரும்பாலும் இரண்டு வழி ஒலியில்தான் வருகின்றன. பின்புற ஸ்பீக்கர்களுக்கு அங்கே அதிக வேலையில்லை.

சவுண்ட்பார் என்பது ரிவியின் கீழே வைக்கும் ஒரே நீளப் பெட்டி. ரிவியில் 'ஏ.ஆர்.சி' என்று குறிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ துளையில் ஒரு வயரைச் செருகினால் போதும். பெட்டியில் உள்ள இலக்கங்களையும் கவனியுங்கள். 2.1 என்றால் இடம், வலம், சப்வூபர். 3.1 என்றால் நடுவிலும் ஒரு வழி உண்டு. பேச்சு பெரும்பாலும் அந்த நடுவழியாலேயே வரும். வயோதிபர் உள்ள வீட்டுக்கு இதுவே உகந்தது.

கீழ்வீட்டாரை மறக்க வேண்டாம்

மொன்றியலின் பழைய இரண்டு, மூன்று மாடி வீடுகள் பலவற்றின் தளங்கள் மரத்தாலானவை. பேச்சொலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். சப்வூபரின் அடித்தொனியோ தளத்தினூடே இறங்கி, கீழே நித்திரை கொள்பவரின் கட்டிலை எட்டும். இரவு 11 மணிவரை எவ்வளவு சத்தமும் போடலாம் என்று எம்மவரிடையே ஒரு கதை உண்டு. அது தவறு. ஏனைய குடியிருப்பாளரின் அமைதியான வாழ்வுக்கு எந்த நேரத்திலும் இடையூறு செய்யக்கூடாது என்பதே கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 1860 ஆம் பிரிவு. முறைப்பாடு வளர்ந்தால் விடயம் வீட்டு வாடகைத் தீர்ப்பாயம் வரை போகலாம். நாம் 'ரெஜி' என்று அழைத்து வந்த சபைதான் 2020 இல் இப்பெயர் மாற்றம் பெற்றது.

எனவே சப்வூபர் இருந்தால் அதன் அளவைக் குறைத்து வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுங்கள். 'இரவு' என்ற பொத்தான் இருந்தால் பாவியுங்கள். அது பெருஞ்சத்தத்தைத் தணித்து மெல்லிய பேச்சை உயர்த்தும்.

கடைக்குப் போகும்போது

சந்தையில் வெட்டி வைத்த துண்டைச் சுவைத்துப் பார்த்துத்தானே பழம் வாங்குகிறோம்? இதையும் காதால் கேட்டே வாங்குங்கள். பாட்டைப் போடச் சொல்லாமல், செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள். வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம்.

விலைச்சீட்டில் 300 டொலர் என்றிருந்தால், இரு வரிகளும் சேர்ந்து 14.975 வீதம் கூடி, ஏறக்குறைய 345 டொலர் கட்ட வேண்டிவரும். பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுக்கக் கடைக்காரருக்குச் சட்டக் கடமை இல்லை. ஆகவே திருப்பிக் கொடுக்கும் விதிகளை முன்பே கேட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மேலதிக உத்தரவாதம் என்று காசு கேட்டால் அவசரப்பட வேண்டாம். பொருள் நியாயமான காலத்துக்கு உழைக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தைக் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகவே தருகிறது. மேலதிக உத்தரவாதத்தை விற்குமுன் அதை உங்களுக்கு விளக்குவது விற்பனையாளரின் கடமை.

எமது கருத்து

வாடகை வீட்டில் இருக்கும்வரை நடுவழியுள்ள ஒரு சாதாரண சவுண்ட்பாரே போதும். கடன் அட்டையில் தவணை போட்டு ஐந்து ஸ்பீக்கர் வாங்கத் தேவையில்லை. சொந்த வீடும் அதில் ஒரு நிலக்கீழ் அறையும் அமையும் நாளில் ஹோம் தியேட்டரைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அம்மம்மாவுக்குப் பேச்சு விளங்கினால் சரி, கீழ்வீட்டுப் பிள்ளை நித்திரை கொண்டால் சரி.