போர்க்கருவிக்குள் ஒளிந்திருக்கும் மென்பொருள்

1991 பிப்ரவரி 25 அன்று இரவு, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 வீரர்கள் உயிரிழந்தனர். அதை வானிலேயே மறித்திருக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி சுடவே இல்லை. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் எண்ணி, பிறகு விநாடியாக மாற்றியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 இரும இலக்கங்களுக்குள் வெட்டிச் சுருக்கியதில் மிகச் சிறிய பிழை நேர்ந்தது. இயங்கும் நேரம் கூடக்கூட அந்தப் பிழையும் கூடியது. 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் இயங்கியபோது அது ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடியாக வளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பறந்துவிடும். ராடார் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

இதைக் கணக்குத் தெரியாத ஒரு நிரலாளரின் பிழையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பேட்ரியட் உருவானது ஐரோப்பாவில் சோவியத் விமானங்களை எதிர்கொள்வதற்காக. இடம்விட்டு இடம் நகரும், ஓரிடத்தில் சில மணி நேரமே இயங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பாலைவனத்தில் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்று ஏவுகணைகளை மறிக்கும் என்று தேவைகளை எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை. நீண்டநேரம் இயங்கினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11-ஆம் தேதியே தெரிவித்துவிட்டனர். திருத்திய மென்பொருள் 16-ஆம் தேதி வெளியானது. அது தஹ்ரானை அடைந்தது 26-ஆம் தேதி, தாக்குதலுக்கு மறுநாள்.

ராணுவத்துக்கு மென்பொருள் உருவாக்க எந்த முறையைத் தேர்வது என்ற விவாதம், பொறியாளர்களின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால், களத்தில் கற்ற பாடம் எத்தனை நாளில் கருவிக்குள் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வுதான்.

பழைய முறைக்கு ‘அருவி முறை’ என்று பெயர். தேவைகளை முழுமையாக எழுதி முடித்து, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, இறுதியில் சோதிப்பது. அருவி நீர் மேலே ஏறாததுபோல் ஒரு கட்டம் முடிந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புவதில்லை. இதன் தந்தை என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படத்தை வரைந்துவிட்டு, இப்படியே செய்தால் தோல்வியை வரவழைக்கும் என்றுதான் எச்சரித்தார். படம் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 எண் கொண்ட தரநிலை, ஒப்பந்ததாரர்களை ஏறக்குறைய இந்த வழியிலேயே நடத்தியது. இரண்டே ஆண்டுகளில், ஃபிரெட் புரூக்ஸ் தலைமையிலான அறிவியல் வாரியக் குழு, படிப்படியாகக் கட்டி, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்துங்கள் என்று பரிந்துரைத்தது. தரநிலை அதற்கேற்பத் தளர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அருவி முறை அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கையெழுத்திட ஓர் ஆவணம் கிடைக்கும், அதற்கு எதிராகப் பணம் தரலாம், தணிக்கையாளரிடம் காட்டலாம். கத்தாரின் அல் உதெய்த் தளத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கான அன்றாடத் திட்டத்தை அங்கிருந்த அமெரிக்க விமானப்படையினர் 2016-இல்கூட வெள்ளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தனர். அதே நேரம், வான்நடவடிக்கை மையங்களின் கணினி அமைப்பைப் புதுப்பிக்கும் பெரும் ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு சிறு குழு திட்டமிடுவோரின் அருகிலேயே அமர்ந்து சில மாதங்களில் பலகைக்கு மாற்றான செயலியைக் கொடுத்தது. பெரும் ஒப்பந்தம் 2017-இல் ரத்தானது. ‘அஜைல்’ எனப்படும் குறுஞ்சுற்று முறை ராணுவத்தில் காலூன்ற இந்த நிகழ்வு பெரிதும் உதவியது. 2020-இல் வந்த அமெரிக்க விதிமுறை, மென்பொருளுக்கெனத் தனிக் கொள்முதல் பாதையை வகுத்து, நிதி ஒதுக்கிய ஓராண்டுக்குள் பயன்படக்கூடிய முதல் வடிவம் களத்தில் இருக்க வேண்டும் என்கிறது.

இதைக் கேட்டு எல்லாவற்றையும் குறுஞ்சுற்றில் செய்துவிடலாம் என்று கிளம்புவோரை நான் சற்று அச்சத்துடனே பார்க்கிறேன். நமது தேஜஸ் இயல்பாகவே நிலைப்பற்ற விமானம். கணினி இல்லாமல் பறக்காது. அதன் பறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதும் பணியில் இருந்த அமெரிக்க ஒத்துழைப்பு 1998 அணுச் சோதனைக்குப் பின் நின்றுபோனது. நம் பொறியாளர்கள் தரையில் ‘அயர்ன் பேர்ட்’ என்னும் மாதிரி அமைப்பிலும் சிமுலேட்டர்களிலும் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே 2001 ஜனவரி 4-இல் விமானம் எழுந்தது. விமானி உள்ளே அமர்ந்திருக்கும்போது, ‘அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம்’ என்று சொல்ல முடியாது. எஃப்-35 போர்விமானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு மென்பொருள் என்று திட்டமிட்டவர்களுக்கு, வன்பொருள் அந்த வேகத்துக்கு வரவில்லை. புதிய தொழில்நுட்பத் தொகுப்பு முழுமையடையாததால் 2023 ஜூலை முதல் ஓராண்டுக்கு அமெரிக்கா புதிய விமானங்களைப் பெற்றுக்கொள்வதையே நிறுத்தி வைத்தது.

ஆகவே, ஒரு திட்டத்துக்கு ஒரு முறை என்ற கேள்வியே எனக்குத் தவறாகப் படுகிறது. ஒரே போர்க்கப்பலில் ஏவுகணையைச் சுடும் நிரலும் இருக்கிறது, உதிரிபாகக் கணக்குப் பார்க்கும் நிரலும் இருக்கிறது. முன்னதற்குத் தேவை நன்கு தெரியும், பிழையின் விலை உயிர். அங்கே கண்டிப்பான கட்டங்களும் தனிக் குழுவின் சரிபார்ப்பும் வேண்டும். பின்னதில் தேவை பயன்படுத்தும்போதுதான் தெளியும், பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தலாம். இடையில் இருப்பவை கடினமானவை. எதிரியின் மின்னணு உத்திக்கேற்ப மாற வேண்டிய ராடார் நிரலுக்கு வேகமும் வேண்டும், உறுதியும் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பெரிய ஆபத்தை முதலில் ஆராயும் பேரி போமின் சுருள் முறை, 1980-களிலேயே இதற்காகத்தான் பேசப்பட்டது. அஜைலின் ஆரவாரத்தில் அதை மறந்துவிட்டோம்.

நம் நாட்டில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படைகள் தரத்தேவைகளை எழுதி, அவசியம் ஏற்கப்பட்டு, விலைப்புள்ளி கோரி, களச்சோதனை நடத்தி, குறைந்த விலை கேட்டவருடன் பேரம் பேசுவது நமது கொள்முதல் வழக்கம். பீரங்கிக் குண்டுக்கு இது பொருந்தும். தேவையைத் தொடக்கத்திலேயே உறையவைத்துவிட்டு, ஒப்பந்ததாரரிடம் மட்டும் அஜைல் முறையில் செய்யுங்கள் என்றால், அவர் என்ன செய்வார்? மாற்றம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கூடுதல் விலை சொல்வார். இல்லையேல், எழுதியதைக் கொடுத்துவிட்டு நகர்வார். குறுஞ்சுற்று முறைக்கு ஒரு குழுவின் உழைப்புக் காலத்துக்குப் பணம் தரும் ஒப்பந்தம் வேண்டும். சோதித்துக் கருத்துச் சொல்ல, இரண்டாண்டில் இடம் மாறிப்போகாத படை அதிகாரியும் வேண்டும். மூலநிரலின் மீதான உரிமையையும் முதல் நாளே எழுதிப் பெற வேண்டும். அது விற்றவரின் கையிலேயே இருந்தால், களத்தில் பிழை தெரிந்த அன்று நம்மால் கடிதம் மட்டுமே எழுத முடியும்.