இரவல் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட்



பூச்சோங் பக்கம் எந்த இடைநிலைப்பள்ளி வகுப்பிலும் இந்த வாக்கியம் காதில் விழும்: "கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" கேட்டவருக்குப் பேனா கிடைத்துவிடும். அதையே தேர்வில் எழுதினால் பிழை.

இந்தப் பிழை எங்கிருந்து வருது? மலாய்மொழியில் முறையாக எழுதும்போது வாங்குவது 'மெமிஞ்சாம்', கொடுப்பது 'மெமிஞ்சாம்கான்'. பேச்சில் அந்தக் 'கான்' உதிர்ந்துபோய் இரண்டுமே 'பிஞ்சாம்' ஆகிவிடுகிறது. பக்கத்து மேசைச் சீன நண்பருக்கும் வாங்கினாலும் கொடுத்தாலும் 'ஜியே'தான். இதையே கேட்டு வளரும் பிள்ளை, பாரோவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறது.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. இரவல் வாங்குகிறோம், இரவல் கொடுக்கிறோம். வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். அதனால் இந்த இரண்டையும் தமிழ் வழியாகவே விளக்கிவிடுங்கள். "கவிதாகிட்டேயிருந்து" என்று வந்தால் பாரோ, கூடவே 'ஃப்ரம்' வரும். "எனக்கு", "அவனுக்கு" என்று 'கு' வந்தால் லெண்ட்: "கவிதா வில் லெண்ட் மீ ஹெர் டிக்‌ஷனரி." இறந்தகாலத்தில் 'லெண்டட்' கிடையாது, 'செண்ட்' மாறுவதுபோல நான்காவது எழுத்து மட்டும் மாறும்.

ஆனால் தமிழும் ஓரிடத்தில் காலை வாரிவிடும். "நூலகத்தில் புத்தகம் வாங்கினேன்" என்பதை மாணவர் அப்படியே "ஐ பாட் எ புக் ஃப்ரம் த லைப்ரரி" என்று எழுதிவிடுவார். இலக்கணம் சரியாக இருப்பதால் நம் சிவப்புப் பேனாவும் சில நேரம் தாண்டிப் போய்விடும். என்னைக் கேட்டால், 'பாரோ மீ'யைவிட இதுதான் ஆபத்தானது. காசு கொடுத்து வாங்கினால் மட்டுமே 'பை'.

இன்னொன்று. பேனா இரவல், அதே பேனா திரும்பி வரும். சீனியும் அரிசியும் கடன். அதே அளவுதான் திரும்பி வரும். இப்படி அளவு குறித்து வாங்கித் திருப்புவதற்குத் திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் 'குறியெதிர்ப்பை' என்றே ஒரு சொல் இருக்கு. ஆங்கிலம் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை, எல்லாமே பாரோ.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி, சுமார் 80 சொற்களில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது. முகாமுக்குப் போகும் நண்பருக்கு "யூ கேன் பாரோ மை டெண்ட்" என்று எழுதலாம். "ஐ கேன் லெண்ட் யூ மை டெண்ட்" என்றும் எழுதலாம். இரண்டும் சரி. எழுவாய் யார், அவர் வாங்குகிறாரா கொடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வகுப்பில் செய்து பார்க்க: இருவருக்கு ஓர் அடிக்கோல். கை மாறியதும் நடந்ததை ஒருவர் பாரோவில் சொல்லட்டும், மற்றவர் லெண்டில். அடுத்து கழிவறை என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாததை பாரோ செய்ய முடியாது, அதற்கு 'யூஸ்' என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், சிரிப்போடு.