நீதிபதி கேட்கும் கேள்விகளில் தீர்ப்புத் தெரியுமா?

மத்திய லண்டனில் ஸ்ட்ராண்ட் வீதியிலுள்ள நீதிமன்றக் கட்டடத்திலிருந்து சவுத்தாலுக்குத் திரும்பும் எம்மவர்களை இனங்காண்பது கடினமன்று. கையிலே வழக்குக் கோவை அடங்கிய பை; அதன்மேலே காலையிற் கட்டிக்கொண்டுபோய் உண்ணாமலே திருப்பிக் கொண்டுவந்த சோற்றுப்பொதி. ஆங்கிலத்திலும் குர்முகியிலும் பெயரெழுதிய புகையிரத நிலையப் பலகையைக் கடந்து வெளியே வருமுன்னரே ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

“அண்ணை, நீதிபதி எங்கட பாரிஸ்டரைத்தான் துருவித் துருவிக் கேட்டவர். ஹோம் ஒபிஸ் ஆளிட்டை ஒண்டுமே கேக்கேல்லை. எங்கட விசயத்திலை அக்கறை எண்டுதானே அர்த்தம்?”

“இல்லையடா தம்பி. நம்பினவன் ஏன் கேள்வி கேக்கிறான்?”

இவ்விருவரில் எவர் கூற்றுச் சரியானது? தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட நாள்முதல் அது வெளிவரும் நாள்வரை, சில வாரங்களோ பல மாதங்களோ, எமது குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வியே உணவையும் உறக்கத்தையும் விழுங்கிவிடுகின்றது. இதனை வெறும் பொழுதுபோக்குப் பேச்செனத் தள்ளிவிடவும் முடியாது. தோல்வி நிச்சயம் எனத் தாமே தீர்மானித்துக் கையெழுத்திடும் நிலையத்துக்குப் போகாமல் விட்டவர்களும் உளர். வெற்றி நிச்சயம் என நம்பி ஊரிலுள்ள காணியை ஈடுவைத்து மனைவி பிள்ளைகளை அழைக்கக் கடன்பட்டவர்களும் உளர்.

அண்ணனின் பக்கம் ஓரளவு ஆதாரமுண்டு. 2005இல் அமெரிக்காவின் பிரதம நீதியரசராகப் பதவியேற்ற ஜோன் றொபேட்ஸ், அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றில், அமெரிக்க உச்ச நீதிமன்றின் 28 வழக்குகளில் இரு தரப்பாரிடமும் கேட்கப்பட்ட கேள்விகளை எண்ணிக் கணக்கிட்டிருந்தார். அவற்றுள் 24 வழக்குகளில், கூடுதலான கேள்விகளைச் சந்தித்த தரப்பே தோற்றிருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் மிகப் பெருந்தொகையான வழக்குகளை ஆராய்ந்தபோதும் போக்கு அவ்வாறே இருக்கக் காணப்பட்டது. காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஒரு தரப்பின் வாதத்தை ஏற்க மனமில்லாத நீதிபதி அதன் பலவீனங்களைத் தோண்டுகிறார். ஏற்கும் எண்ணமிருந்தால் பேசவிடுகிறார்.

ஆயினும் 2012 மார்ச்சில், ஜனாதிபதி ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் தொடர்பான வழக்கில் மூன்று நாள் வாய்மூல வாதம் நடைபெற்றபோது, அரச சட்டத்தரணி எதிர்கொண்ட கேள்விகளைக் கேட்ட பலர், சட்டம் செத்தது என்றே எழுதினர். யூன் 28ஆந் திகதி வந்த தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதன் பிரதான பகுதி பிழைத்துக்கொண்டது. அந்த ஐந்தாவது வாக்கு வேறெவருடையதுமன்று. கேள்விகளை எண்ணிக் கட்டுரை எழுதிய றொபேட்ஸினுடையதே!

பிரித்தானிய நீதிமன்றங்களில் இந்தக் கணக்கை அப்படியே பொருத்துவதிலும் இடருண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றில் ஒரு தரப்புக்கு வழமையாக அரை மணித்தியாலமே கிடைக்கும். இங்கோ வாதம் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் நீளும். நீதிபதி பொறுமையோடு குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். எழுத்துமூலச் சமர்ப்பணத்தை முன்னரே படித்துவிட்டு வருபவர், தாம் ஏற்கப்போகும் வாதத்தின் உறுதியைச் சோதிக்கவும் கேள்வி கேட்கலாம். பின்னர் மேன்முறையீட்டில் தமது தீர்ப்பு ஆட்டங்காணாதிருக்க அது அவசியமல்லவா? அன்றியும், ஆங்கிலேயரின் நீதிமன்ற மரியாதை எம்மவரை ஏமாற்றிவிடும். ‘மிகக் கவர்ச்சியான வாதம்’ என்று நீதிபதி பாராட்டினால், மொழிபெயர்ப்பாளர் அதனைத் தமிழில் சொல்லக் கேட்டு வாசலில் நிற்கும் உறவினர் மகிழ்வர். பழகிய பாரிஸ்டரோ பெருமூச்செறிவார்.

பெரிதும் நம்பத்தக்க அறிகுறி ஒன்றுண்டு. அது கேள்வியன்று. முறையிட்ட தரப்பு பேசி முடித்ததும் நீதிபதி எதிர்த்தரப்பு பாரிஸ்டரை நோக்கி, உங்களைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை என்றால், முறையீடு தோற்றுவிட்டதென்றே கொள்ளலாம். மறுபக்கத்தின் பதிலைக் கேளாமலே தள்ளுபடி செய்யலாம். கேளாமல் ஏற்பதென்பது அரிது. ஆகவே, ஹோம் ஒபிஸ் ஆளிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று தம்பி சொன்னதில், அவரைப் பேச அழைத்தார்களா இல்லையா என்பதே நாம் கேட்கவேண்டியது.

ஒரு நாளைய வாதத்திலிருந்து ஒருவரது விதியைக் கணிப்பதன் ஆபத்தை எமது சொந்தச் சரித்திரமே காட்டுகின்றது. சிவகுமாரன் வழக்கு என இந்நாட்டுச் சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட வழக்கை எடுத்துக்கொள்வோம். புகலிடம் மறுக்கப்பட்ட ஆறு ஈழத்தமிழர் 1987 செப்டெம்பரில் மேல் நீதிமன்றில் தோற்றனர். ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றில் வென்றனர். அங்கே சேர் ஜோன் டொனால்ட்சன் ஓர் உதாரணம் கூறினார்: முகமூடியணிந்தவன் துப்பாக்கியை நீட்டும்போது வங்கிக் காசாளருக்கு உண்டாகும் அச்சம், அது விளையாட்டுத் துப்பாக்கி என மறுநிமிடமே தெரியவந்தாலும், நியாயமான அச்சந்தானே? எமது மக்கள் நெஞ்சில் இருந்ததை ஆங்கில நீதிபதி ஒருவர் சொல்லிவிட்டார் என்ற மகிழ்ச்சி இரண்டு மாதமே நீடித்தது. டிசம்பர் 16ஆந் திகதி பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. அஞ்சுபவரின் உள்ளத்தை மட்டும் பார்த்தாற் போதாது, நாட்டின் உண்மை நிலையைக் கொண்டு துன்புறுத்தல் நிகழ நியாயமான சாத்தியம் உண்டா எனப் பார்க்கவேண்டும் என்றனர்.

1988 பெப்ரவரியில் ஐவர் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அக்காலச் சட்டப்படி வெளியேறிய பின்னரே அவர்கள் குடிவரவு நடுவரிடம் மேன்முறையீடு செய்ய முடிந்தது. 1989 மார்ச்சில் நடுவர் அவர்களை அகதிகளென ஏற்றார்; அவ்வாண்டு ஒக்டோபரில் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தனர். வில்வராஜா வழக்கு என்ற பெயரில் ஸ்ட்ராஸ்பூர்க் சென்ற அதே விடயத்தில், ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைமை வகித்தவரின் மேலதிக வாக்கினால் சித்திரவதைத் தடைப் பிரிவு மீறப்படவில்லை என்றது. 1991 ஒக்டோபர் 30இல் நீதிமன்றும் எட்டுக்கு ஒன்றாக அவ்வாறே தீர்த்தது. அவர்களோ அதற்கு இரண்டு வருடம் முன்னரே பிரித்தானியாவில் இருந்தனர்.

அப்படியாயின் கேள்விகளுக்குப் பயனே இல்லையா? உண்டு. வழக்கு எந்த அச்சாணியிற் சுழல்கிறது என்பதை அவை காட்டும். யாருடைய கண்ணால் அச்சத்தை அளப்பது என்பதே 1987இன் அச்சாணி. 2019 மார்ச் 6ஆந் திகதி உச்ச நீதிமன்று தீர்த்த இன்னோர் இலங்கைத் தமிழரின் வழக்கில் அச்சாணி வேறு. முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுட்ட தழும்புகள். புகலிடம் பெறுவதற்காக அவரே பிறரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்ற சந்தேகத்தினால் கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றிலும் மூவரில் இருவர் அவருக்கு எதிராகவே தீர்த்தனர். தன்னைத் தானே அவ்வாறு காயப்படுத்துவிப்பது மிக அரிது என்பதற்கு உரிய எடை கொடுக்கப்படவேண்டும் என உச்ச நீதிமன்று ஒருமனதாகக் கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

ஆகவே நீதிமன்றிற்குச் செல்லும் உறவினர் எத்தனை கேள்வி என எண்ணுவதைவிட, எதைப் பற்றிய கேள்வி என ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்வது மேல். வைத்திய அறிக்கையின் திகதியா, ஊரிலிருந்து வந்த சத்தியக்கடதாசியா, முதல் நேர்முகத்தில் சொன்னதற்கும் பின்னர் சொன்னதற்கும் உள்ள வேறுபாடா? அன்று மாலையே அதைச் சட்டத்தரணியிடம் கேட்டுவிடலாம். நீதிமன்று அனுமதித்தால், தீர்ப்பு வருமுன் மேலதிக எழுத்துமூலச் சமர்ப்பணம் கொடுக்கவும் இடமுண்டு. கையெழுத்திடும் நாளைத் தவறவிடுவதோ, வெற்றியிலோ தோல்வியிலோ எதற்கும் உதவாது. தடுப்புக்காவலுக்கே அது வழி.

இன்னொன்று. மேல் நீதிமன்றில் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பின் வரைவு, அறிவிக்கப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னர் இரகசியமாகச் சட்டத்தரணிகளின் கைக்கு வருவது வழமை. அதைக் கோயிலிலோ கடையிலோ வெளிவிடுவது நீதிமன்ற அவமதிப்பாகும். எனவே அந்நாட்களில் உங்கள் சட்டத்தரணி தொலைபேசியில் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், அந்த இரண்டு சொல்லையும் வைத்து இன்னோர் ஆராய்ச்சியைத் தொடங்கவேண்டாம்.